முதல் வரியில் நிறம்

டீ போடும் அக்கா அன்றைக்கு லீவு. கல் பரிசோதனை நிலையத்தில் அதனால் குடிமுழுகிப் போகும் காரியம் எதுவும் இல்லை. அந்தக் கழுநீர் டீயை ஒரு நாள் குடிக்காமல் இருந்தால் வயிற்றுக்கு நல்லதுதான். ஆனால் கழுகுக்கண்ணர் மட்டும் காலையிலிருந்தே வாசலை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கழுகுக்கண்ணர் என்பது நகைக்கடைக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர். நிலையத்தின் ஒரே சோதனையாளர் அவர். எந்தக் கல்லானாலும் அவர் கையெழுத்துப் போட்ட சான்றிதழ் இருந்தால்தான் விலைபோகும். வாங்குகிறவர்கள் கல்லைப் பார்ப்பதைவிடக் காகிதத்தைத்தான் அதிக நேரம் பார்ப்பார்கள்.

மேஜைமேல் ஒரு மோதிரம் இருந்தது. அதன் சொந்தக்காரி, ஒரு நர்ஸ், வெளியறையில் உட்கார்ந்திருந்தாள். செத்துப்போன அம்மாவின் மோதிரம், விற்கப் போகிறாள். அவளை நாளைக்குத்தான் வரச் சொல்லியிருந்தார்கள். டூட்டி மாறிவிட்டது என்று இன்றைக்கே வந்து நின்றாள். முதலாளி வெளியூரில். போனையும் அணைத்து வைத்திருந்தார்.

கழுகுக்கண்ணர் படிவத்தை எடுத்தார். முதல் வரி, நிறம். பேனா அங்கேயே நின்றுவிட்டது.

விஷயம் இதுதான். பத்தொன்பது வருடமாகக் கற்களுக்கு நிறம் எழுதிவரும் அந்த மனிதருக்குச் சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாது. பிறவியிலேயே அப்படி. இரண்டும் அவருக்குக் காய்ந்த சருகு. மாணிக்கமா மரகதமா என்று கருவியைக் கேட்டால் அது சொல்லிவிடும். எப்பேர்ப்பட்ட சிவப்பு, எப்பேர்ப்பட்ட பச்சை என்பதைக் கருவி சொல்லாது. கல்லுக்கு விலையோ அதில்தான் இருக்கிறது.

வேலைக்குச் சேர வந்த அன்று முதலாளி, "அந்தப் பச்சை ஃபைலை இப்படி எடுங்க" என்றார். இரண்டு ஃபைல்கள் இருந்தன. இவர் கடவுள்மேல் பாரத்தைப் போட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். முதலாளி ஃபைலைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், "நாளைக்கே சேர்ந்துடுங்க" என்று கைகொடுத்தார். இவர் வீட்டுக்குப் போய், குருட்டு அதிர்ஷ்டம் என்று மனைவியிடம் சொல்லிச் சிரித்தார்.

அதற்குப் பிறகு அவரைக் காப்பாற்றியது டீ அக்காதான். டம்ளரை வைக்கும்போது, "சும்மா கேக்கிறேன் அக்கா, இது என்ன நிறம்?" என்பார். அக்கா கல்லை ஓரக்கண்ணால்தான் பார்ப்பார். "புறா ரத்தச் சிவப்பு சார். ஓரத்துல லேசா ஊதா ஓடுது" என்று சொல்லிவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு போவார். என்ன கூர்மை, என்ன ஞானம் என்று இவர் வியந்து அதை அப்படியே எழுதுவார். அக்காவுக்கும் தன் குறை தெரியாது என்பதில் அவருக்கு உள்ளூரப் பெருமை. அந்த டீக்கு முதலாளி ஏன் வருஷாவருஷம் சம்பளம் ஏற்றுகிறார் என்பதுதான் ஆபீசில் ஒருவருக்கும் புரியவில்லை.

இன்றைக்கு அக்கா பல் பிடுங்கப் போயிருக்கிறார். விஷயம் வெளியே தெரிந்தால் வேலை போய்விடும். ஐம்பத்திரண்டு வயதில், கண் தெரியாத கழுகை யார் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள்?

மோதிரத்தைப் போட்டோ எடுத்து மனைவிக்கு அனுப்பிவிட்டுக் கூப்பிட்டார்.

"என்ன நிறம்னு சொல்லு, சீக்கிரம்."

"உங்க கட்டைவிரல்தாங்க தெரியுது."

"அதுக்குப் பக்கத்துல பாரு."

"கறுப்பா ஏதோ இருக்கு."

"கறுப்பு இல்லடி!"

"தெரியுதுல்ல, அப்புறம் எதுக்கு என்னைக் கேக்கிறீங்க? காலையில ஒரு கால்ல பச்சை சாக்ஸும் ஒரு கால்ல பழுப்பு சாக்ஸும் போட்டுட்டுப் போனீங்களே, கழட்டினீங்களா இல்லையா?"

கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டு போனை வைத்தார். பிறகு மோதிரத்தோடு வாசலுக்குப் போனார். வெயிலில் வாட்ச்மேன் நின்றிருந்தார்.

"வாட்ச்மேன், உங்க பார்வை எல்லாம் எப்படி இருக்கு? இது என்ன நிறம் சொல்லுங்க."

"பச்சை சார். நல்ல இலைப் பச்சை. ஏன் சார், உங்களுக்குத் தெரியலையா?"

"எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியுதான்னு பாத்தேன்."

போன உயிர் திரும்பி வந்தது. நேராக டைப்பிஸ்ட் பெண்ணிடம் போனார். ஜன்னல் இல்லாத மூலை அது. பழைய மஞ்சள் குண்டு பல்பின் கீழ் உட்கார்ந்து, வருகிற படிவங்களை அடித்துக் கொடுப்பதோடு அவள் வேலை சரி. கல் எதையும் அவள் கண்ணில் காட்டுவதில்லை. இன்றைக்கு அவசரத்தில் மோதிரம் கழுகுக்கண்ணர் கையிலேயே இருந்தது.

"நிறம்: பச்சைன்னு அடிம்மா."

அவள் எட்டிப் பார்த்தாள். "இந்தக் கல்லா சார்? இது சிவப்பாச்சே."

"ஆமா, சிவப்புதான்" என்றார் உடனே. "தூங்கறியா முழிச்சிருக்கியான்னு பாத்தேன்."

மறுபடி வாசலுக்கு ஓடினார். "வாட்ச்மேன், நல்லாப் பாத்துச் சொல்லுங்க. சிவப்புதானே?"

"சத்தியமா பச்சை சார்."

இரண்டு பேரில் ஒருவர் தன்னை ஆழம் பார்க்கிறார் என்று அவருக்குத் தோன்றியது. ஒருவேளை இரண்டு பேருமே கூட்டாக. ஒன்றாக நிறுத்திக் கேட்டுவிட்டால் அவர்கள் குட்டு உடைந்துவிடும் என்று வாட்ச்மேனைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துவந்து, பல்பின் கீழ் மோதிரத்தை நீட்டினார்.

"இப்ப ரெண்டு பேரும் ஒண்ணாச் சொல்லுங்க."

வாட்ச்மேன் குனிந்தார், நிமிர்ந்தார். முகம் வெளுத்துவிட்டது.

"சார்! கல்லை மாத்திட்டீங்க!"

"யோவ், மெதுவா!"

"வாசல்ல பச்சையா இருந்துச்சு. உள்ள வர்றதுக்குள்ள சிவப்பாயிடுச்சு. நான் நடுவுல எதையும் தொடலை சார், எனக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை!"

வெளியறையிலிருந்து நர்ஸ் உள்ளே பாய்ந்து வந்தாள். "யாரு கல்லை மாத்தினது? எங்கம்மா மோதிரத்தை என்ன பண்ணீங்க? போலீஸைக் கூப்பிடுவேன்!"

நிறம் தெரியாதவன் என்ற பெயருக்குப் பயந்த மனிதருக்கு இப்போது திருடன் என்ற பெயர் வந்து சேர்ந்தது. நர்ஸ் மோதிரத்தைப் பிடுங்கிக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்கு ஓடினாள். மூன்று பேரும் பின்னால் ஓடினார்கள்.

"பச்சையாதானே இருக்கு?" என்றாள் நர்ஸ்.

"ஐயையோ, பச்சை!" என்றாள் டைப்பிஸ்ட்.

"நான்தான் முதல்லயே சொன்னேனே" என்றார் வாட்ச்மேன்.

நர்ஸ் மோதிரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "சின்ன வயசுல அம்மாகிட்ட சொல்வேன். விளக்கேத்தினா உன் மோதிரம் சிவப்பாயிடுதுன்னு. பொய் சொல்லாதேன்னு தலையில குட்டுவாங்க."

கழுகுக்கண்ணருக்குப் பொறி தட்டியது. நிறம் மாறும் கல்லைப் பற்றி, படித்த காலத்தில் தலைகீழாக மனப்பாடம் செய்த பக்கம் அது. பத்தொன்பது வருடத்தில் ஒருமுறைகூட மேஜைக்கு வராத கல். "கொடும்மா, ரெண்டே நிமிஷம்" என்று கிட்டத்தட்டக் கெஞ்சி வாங்கிக்கொண்டு போய்க் கருவியில் வைத்தார். ஒளி இரண்டாகப் பிரிந்து, இரண்டு எண்களைக் காட்டியது. மாணிக்கத்துக்கு உரிய எண்ணும் இல்லை, மரகதத்துக்கு உரிய எண்ணும் இல்லை.

"யாரும் எதையும் மாத்தலைம்மா" என்றார் வெளியே வந்து. "இந்தக் கல்லு பச்சையையும் சிவப்பையும் சரிபாதியா வெளியே விடும். பகல் வெளிச்சத்துல பச்சை தூக்கலா இருக்கும், அதனால பச்சையா தெரியும். குண்டு பல்புல சிவப்பு தூக்கல். எந்த வெளிச்சத்துல நிக்குதோ அந்தப் பக்கம் சாஞ்சுடும்."

"அப்ப நல்ல கல்லா சார்?"

"என் சர்வீஸ்லயே இதான் முதல் கல்லு. அவசரப்பட்டு யார்கிட்டயும் சல்லிசாக் கொடுத்துடாதீங்க."

"உங்க முதலாளியே எடுத்துக்கறேன்னாரே சார். மட்டமான பச்சைக் கல்லு, பெரிசா ஒண்ணும் போகாதுன்னு சொன்னாரு."

"அவர் விளக்குல பாத்திருக்க மாட்டாரும்மா. பாவம், அவருக்கு ஆயிரம் வேலை."

படிவத்தின் முதல் வரியில் எழுதினார்: பகலில் பச்சை, விளக்கில் சிவப்பு. எழுதி முடித்ததும் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. பத்தொன்பது வருடத்தில் இன்றுதான் தன் அறிவை வைத்து ஒரு நிறம் எழுதியிருக்கிறார். நர்ஸ் சான்றிதழைக் கைப்பையில் பத்திரப்படுத்திக்கொண்டு, திட்டியதற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனாள். அவள் தெருமுனை திரும்பும்வரை கழுகுக்கண்ணர் வாசலிலேயே நின்றார். அன்றைக்கு அவர் முதுகு வழக்கத்தைவிட நேராக இருந்தது.

அரை மணி கழித்து ஆட்டோ ஒன்று வந்து நின்றது. டீ அக்கா இறங்கினார். ஒரு கன்னம் பணியாரம்போல வீங்கியிருந்தது, வாயில் பஞ்சு. வாட்ச்மேன் போனில் கதையைச் சொல்லியிருக்கிறார்.

"சார், அந்த நர்ஸுக்கு எழுதிக் கொடுத்துட்டீங்களா?"

"கொடுத்தாச்சு அக்கா. பகல்ல பச்சை, விளக்குல சிவப்பு. யாரையும் கேக்காம நானே எழுதினேன். எப்படி?"

அக்கா ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்து, பஞ்சை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"போச்சு! மங்கின பச்சைன்னு உங்ககிட்ட சொல்லச் சொல்லி முதலாளி நேத்தே எனக்குச் சொல்லிக் கொடுத்துட்டாரே சார்! பச்சை ஃபைல் கேட்டதுக்குச் சிவப்பு ஃபைலை எடுத்துக் கொடுத்தீங்கன்னுதானே அவர் உங்களை இந்த வேலைக்கே வச்சாரு!"