தனியார் தூக்கம் செல்லாது

நன்றாகத் தூங்கியவன்தான் நன்றாக வண்டி ஓட்டுவான் என்பதை அரசாங்கம் ஒருவழியாகக் கண்டுபிடித்துவிட்டது. கண்டுபிடித்த கையோடு நாமக்கல் பைபாஸ் ஓரத்தில் 'கனரக வாகன ஓட்டுநர் உறக்க உறுதிப்பாட்டு அலுவலகம்' என்று ஒன்றையும் திறந்துவிட்டது. இனி அதன் சான்றிதழ் இல்லாமல் எந்த லாரியும் மாவட்ட எல்லையைத் தாண்ட முடியாது. சான்றிதழின் ஆயுள் இருபத்துநான்கு மணி நேரம்.

சட்டம் என்றால் முருகானந்தத்துக்குப் பயம் கலந்த மரியாதை. சொந்த லாரி, ஒரே லாரி. ஒன்றேகால் லட்சம் முட்டையை ஏற்றிக்கொண்டு நேராக அலுவலகத்துக்கே வந்து நின்றார். மறுநாள் விடிவதற்குள் எர்ணாகுளத்தில் இறக்க வேண்டும். தவறினால் அடுத்த லோடு வேறு வண்டிக்குப் போய்விடும் என்று பண்ணைக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார்.

உறக்க உறுதி அலுவலர் கௌதமன் படிவத்தைப் புரட்டினார். "கடைசியாகக் கண்ட கனவு, அதற்குச் சாட்சிகள் இருவர். ரெண்டும் காலியா இருக்கே?"

"கனவே வரலீங்க சார். ஜேடர்பாளையத்துல எங்க ஊட்டுல எட்டு மணி நேரம் நல்லாத் தூங்கிப்போட்டுத்தான் வாரேனுங்க."

"வீட்டுல தூங்கினா அது தனியார் தூக்கம். இங்க செல்லாது. அரசாங்கம் பார்க்கத் தூங்கணும்."

"எட்டு மணி நேரம் தூங்குனவனுக்கு மறுக்கா எப்படீங்க தூக்கம் வரும்?"

"அதைத்தானே பரிசோதிக்கிறோம்" என்றார் கௌதமன், பொறுமையாக.

பரிசோதனை அறை ஏசியில் விறைத்துக் கிடந்தது. பஞ்சு மெத்தை, ஊதா விளக்கு, சுவரில் 'உறக்கமே உயர்வு'. மதியச் சிறுதுயிலின் மகிமை பற்றி ஒரு பெண்குரல் ஒலிப்பெட்டியில் உருகிக்கொண்டிருந்தது. கையில் ஒரு பட்டை கட்டினார்கள். இருபது நிமிடம் தூங்கினால் அது பச்சை காட்டும். முருகானந்தம் இருபது நிமிடமும் ஊதா விளக்கைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார். பட்டை சிவப்பு காட்டியது.

அடுத்து வந்தவர் மொய்தீன். நாக்பூரிலிருந்து மூன்று நாளாகக் கண்ணை மூடாமல் ஓட்டி வந்தவர். மெத்தையில் முதுகு படுவதற்குள்ளேயே குறட்டை கிளம்பிவிட்டது. பட்டை பச்சையோ பச்சை. இருபதாவது நிமிடம் உலுக்கி எழுப்பி, 'நெடுந்தூரம் ஓட்ட முழுத் தகுதி' என்று எழுதிக் கொடுத்தார்கள். மொய்தீன் தள்ளாடியபடியே போய் வண்டியில் ஏறினார்.

நன்றாகத் தூங்கி வந்தவர்கள் மட்டும் வரிசையில் தேங்கி நின்றார்கள். மதியம் வெயில் ஏறியது. கௌதமன் ஜன்னல் வழியாக லாரியைப் பார்த்தார். "வெயில்ல குஞ்சு பொரிச்சிடாதே?"

"பண்ணை முட்டை பொரிக்காதுங்க சார். அழுகித்தான் போகும்." முருகானந்தம் மேஜைக்கு அருகில் வந்து நின்றார். "ஒண்ணு சொல்றேனுங்க. எனக்குப் பகல்ல தூக்கம் வரோணும்னா வண்டி உறுமோணும். இருவது வருசமா மாத்து டிரைவர் ஓட்டயில சீட்டுக்குப் பின்னால படுத்துத் தூங்குன ஒடம்புங்க."

கௌதமன் விதிமுறைப் புத்தகத்தைப் பார்த்தார். உறுமக்கூடாது என்று எங்கும் இல்லை. அனுமதித்தார்.

முருகானந்தம் லாரியை ஜன்னலோரம் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு வந்து படுத்தார். தடதடவென்ற அந்தச் சத்தம் சுவருக்குள் இறங்கி, மெத்தைக்குள் ஏறியது. அவர் தூங்கிப்போனார். தட்டச்சர் தூங்கினார். கடைநிலை ஊழியர் தூங்கினார். கையெழுத்துப் போட வந்த கௌதமன் பேனாவைப் பிடித்தபடியே தூங்கினார். தூங்குகிற அலுவலரை எழுப்பக் கூடாது என்பது அலுவலகத்தின் எட்டாவது விதி என்பதால், விழித்துக்கொண்ட முருகானந்தம் நாலரை மணிவரை கைகட்டி நின்றார்.

கௌதமன் எழுந்தபோது முகமே வேறாக இருந்தது. "பதினெட்டு வருஷ சர்வீஸ். இப்படி ஒரு தூக்கம் தூங்கினதே இல்லை!" மளமளவென்று சான்றிதழில் கையெழுத்திட்டார். கூடவே இன்னொரு தாளிலும் கையெழுத்திட்டார். பொது உறக்க நலன் கருதி, மேற்படி லாரி மறு உத்தரவு வரும்வரை அலுவலகத் தளவாடமாகக் கொள்ளப்படுகிறது. டீசல் உரிமையாளர் பொறுப்பு.

"ஐயோ, வண்டி இல்லாம நான் எதைங்க ஓட்டறது?"

"அது இந்த அலுவலகத்தின் வரம்புக்குள் வராது."

முருகானந்தத்துக்கு வந்ததே கோபம். தாளைக் கசக்கி எறிந்துவிட்டு வெளியே ஓடி வண்டியில் ஏறினார். கியர் போட்டார். முன்னால் வரிசையே திரண்டு நின்றது. தக்காளி லோடு சின்னான் டயருக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"எந்திரிங்கண்ணா! முட்டை கெட்டுப் போகுது!"

"ஏனுங் தம்பி, நீங்க பாஸாயிட்டீங்க. வண்டியக் கொண்டுபோயிட்டா நாங்க எப்படிங்க தூங்கறது? எங்க லோடு மட்டும் கெடாதுங்களா?"

"உங்க வண்டிய ஓடவிட்டுத் தூங்குங்களேன்!"

"எங்க வண்டியத் தளவாடமாக்கிப் போட்டா?" என்றார் சின்னான். நியாயமான கேள்விதான். முருகானந்தம் எஞ்சினை அணைக்கப் போனார். அணைக்காதே என்று நாற்பது பேரும் சேர்ந்து கத்தினார்கள்.

மறுநாள் சான்றிதழ் காலாவதியானது. முருகானந்தம் டோக்கன் வாங்கி வரிசையின் கடைசியில் நின்றார். வாசல் வரைக்கும் முட்டை நாற்றம் அடித்தது. பஞ்சு மெத்தையில் படுத்து, தன் லாரி தானே தடதடப்பதைக் கேட்டார். அழத்தான் நினைத்தார். மூன்றே நிமிடத்தில் தூங்கிவிட்டார்.

பட்டை பச்சை காட்டியது. முழுத் தகுதி.