கறுப்பு முகங்கள் தேவை

வாழ்க்கையில் முதல்முறையாக என் நிறத்தை ஒரு தகுதியாகக் கேட்டார்கள். நான் உடனே பார்லருக்குப் போய் அதைக் குறைத்துக்கொண்டு வந்தேன். என் புத்திசாலித்தனத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

திருமழிசையில் எங்கள் அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்தி வந்தது. செம்பரம்பாக்கம் பக்கம் விளைநிலங்கள் ப்ளாட்டுகளாவதை எதிர்த்துப் போராடி, சிறைக்கும் போன ஒரு பெண்ணின் வாழ்க்கையைப் படமாக எடுக்கிறார்களாம். ஊர்வலக் காட்சிக்கு 'நல்ல கறுப்பு நிறமுள்ள இயல்பான முகங்கள்' தேவையாம். (ஏழு வீட்டார் வந்து பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, 'பொண்ணு கொஞ்சம் நிறம் கம்மி' என்று சொல்லியனுப்பிய முகம் என்னுடையது.)

அந்த வாரம்தான் என் மகள் யாழினிக்குப் பள்ளி ஆண்டு விழாவில் மழைமேகம் வேடம் கொடுத்திருந்தார்கள். "எனக்கு மட்டும் மேக்கப்பே வேணாமாம்மா! மிஸ் சொன்னாங்க" என்று பெருமையாக வந்து சொன்னாள். ஐந்து வயது. அந்தப் பெருமை எத்தனை நாளைக்குத் தாங்கும்? அதற்குள் எங்கள் நிறத்தில் ஒரு முகத்தை அவள் பெரிய திரையில் பார்த்துவிட வேண்டும். அது அம்மாவின் முகமாகவே இருந்துவிட்டால்?

இவ்வளவு யோசித்தவள், கேமரா முன்னால் போகிறோமே, லேசாக ஒரு ப்ளீச் பண்ணிக்கொண்டால் என்ன என்றும் யோசித்தேன்.

"ஏம்மா, கறுப்பா இருந்தா வாங்கன்னுதானே கூப்பிட்டாங்க?" என்றார் கணவர்.

"கறுப்புதான். அதுக்காக அப்படியேவா போக முடியும்?"

படப்பிடிப்பு நடந்த ஏரிக்கரையில் உதவி இயக்குநர் என் முகத்தைப் பார்த்தார், போனில் நான் அனுப்பிய போட்டோவைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார். மேக்கப்காரர் ஒரு பழுப்பு டப்பாவைத் திறந்து, என் சொந்த நிறத்தை எனக்கே பூச ஆரம்பித்தார். பக்கத்து நாற்காலியில் ரோஜாப்பூ நிறக் கதாநாயகிக்கும் அதே டப்பாதான். (கதாநாயகிக்குச் சமமாக நான் நடத்தப்பட்டது அந்தப் பத்து நிமிடம் மட்டுமே.)

கூட்டத்தில் நடிக்க வந்திருந்த உள்ளூர்க்காரர் கன்னியம்மா அருகில் வந்தார். அந்தப் போராளியோடு உண்மையாகவே ஊர்வலம் போனவர். கதாநாயகியைக் காட்டி மேக்கப்காரரைக் கேட்டார்.

"இன்னா நைனா, அந்தப் பொண்ணுக்கு இன்னாத்துக்கு சேத்த அப்புற?"

"நிஜத்துல அந்தப் போராளி கறுப்புதானேம்மா?"

"கறுப்புதான். ஆனா அக்கா ஜெயிலுக்குப் போனாக்கூட பவுடர் அடிச்சிகினு, தலை நெறைய பூ வச்சிகினுதான் போவும்."

உதவி இயக்குநர் சிரித்தார். "அதெல்லாம் வச்சா போராளி மாதிரி தெரியாதும்மா."

"அப்போ எங்கக்கா யாரு மாதிரி இருந்துச்சு?"

உதவி இயக்குநர் அடுத்த ஷாட்டுக்கு ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டே நகர்ந்தார். எனக்கு மட்டும், பார்த்தேயிராத அந்தப் பெண்மேல் திடீரென்று ஓர் ஆசை வந்தது. போலீஸ் வண்டியில் ஏறும்முன் கண்ணாடி பார்த்திருப்பாரோ?

வெயில் ஏறியது. நான்காவது முறை கோஷம் போட்டபோது வியர்வை வழிய, முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துவிட்டேன். பாதி முகம் பார்லர், பாதி முகம் படக் கம்பெனி.

"கட்! யாருங்க அது?"

என்னைக் கடைசி வரிசைக்கு அனுப்பி, கையில் கோஷம் எழுதிய ஓர் அட்டையைக் கொடுத்தார்கள். "தூக்கிப் பிடிங்கக்கா. கொஞ்சம் கீழ. ஆங், முகத்துக்கு நேரா."

படம் வந்ததும் அம்பத்தூரில் ஒரு தியேட்டருக்குப் போனோம். பழுப்புக் கதாநாயகி பவுடரும் இல்லாமல், பூவும் இல்லாமல் போராடினார். ஊர்வலம் வந்தது. நான் இருக்கையில் ஒடுங்கிக்கொண்டேன். ஓர் ஓரத்தில் ஓர் அட்டை. அதைப் பிடித்தபடி, ப்ளீச்சும் படாத பழுப்பும் படாத பத்து விரல்கள்.

"அம்மா கை!" யாழினி இருக்கைமேல் ஏறி நின்று கத்தினாள். தியேட்டரே திரும்பியது. "அப்பா, அம்மா கைப்பா! மூஞ்சி எப்போ வரும்?"

"வரும் வரும், உக்காரு" என்றார் அவர்.

பெயர்ப்பட்டியல் ஓடி முடிந்து விளக்குகள் எரிந்த பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. "இன்னும் வரல்லியேம்மா" என்றாள்.

இப்போதும் எங்கள் வீட்டில் டிவியில் எந்தப் படம் தொடங்கினாலும் கணவர் கேட்பார்: "யாழினி, இதுலயாவது உங்கம்மா மூஞ்சி வருமா?" அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். நானும் சிரிப்பேன். ஆனாலும் திரையில் ஒரு கூட்டம் வந்தால், கடைசி வரிசைவரை பார்க்காமல் என்னால் எழுந்து போக முடிவதில்லை.