சைனா அண்ணாச்சியும் ஒரு துண்டும்

சங்கரன்கோவிலில் எத்தனையோ பேர் நிற்கிறார்கள். பஸ்ஸுக்கு நிற்கிறார்கள், ரேஷனுக்கு நிற்கிறார்கள், தேர்தலுக்கும் நிற்கிறார்கள். ஆனால் நிற்கத் தெரிந்து நிற்கிற ஒரே மனிதர் எங்கள் தெரு சைனா அண்ணாச்சிதான்.

வயதில் எனக்கு இளையவர். ஊரே அண்ணாச்சி என்கிறது, நானும் மனசுக்குள் அப்படித்தான் சொல்லிக்கொள்வேன். வாய்விட்டுக் கூப்பிட்டதில்லை. ஆம்பிளைகளிடம் நின்று பேசிப் பழக்கமில்லாதவள் நான். அவர் சிங்கப்பூரில் ஒரு சீனாக்காரர் ஓட்டலுக்குப் பாத்திரம் கழுவப் போனவர். அங்கே சமையல் பார்த்த கிழவரிடம் குங்ஃபூ படித்துக்கொண்டு வந்துவிட்டார். கூடப் போனவர்கள் எல்லாம் தைலமும் டார்ச் லைட்டும் கொண்டுவந்தார்கள்.

தறி ஓடாத ஒரு கூடத்தை வாடகைக்குப் பிடித்து போர்டு மாட்டினார். பறந்து பறந்து அடிக்கலாம் என்று இளவட்டங்கள் கூட்டமாய்ச் சேர்ந்தார்கள். அண்ணாச்சி அவர்களைக் காலை அகட்டி, முழங்காலை மடக்கி, குதிரை மேல் உட்கார்ந்த மாதிரி நிற்கச் சொன்னார். அதற்குக் குதிரை நிலை என்று பேர். மறுநாளும் அதேதான். அந்த மாசம் முழுக்க அதேதான். எப்போது அடிக்கச் சொல்லிக்கொடுப்பீர்கள் என்று கேட்டவனிடம், "மொதல்ல நில்லுலே. நிக்கத் தெரியாதவன் அடிச்சா, அடி வாங்குனவனுக்கு முன்னால அவன் விழுந்துருவான்" என்றார். குதிரைகள் ஒவ்வொன்றாக ஓடிப்போயின.

அண்ணாச்சி அசரவில்லை. பஸ் ஸ்டாண்டில் கொக்கு நிலையில், ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு ராஜபாளையம் பஸ்ஸை எதிர்பார்ப்பார். பாவம், கால் சரியில்லாதவர் என்று கண்டக்டர்கள் இடம் ஒதுக்கிக் கொடுப்பார்கள். கும்பிடுபூச்சி ஒன்று செடியில் உட்கார்ந்திருந்தால் அதன் முன்னால் குத்தவைத்து, அது கையை வீசுகிற விதத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். சீனாவில் அந்தப் பூச்சியைப் பார்த்தே ஒரு சண்டை முறை உண்டாக்கியிருக்கிறார்களாம். ஒருநாள் புலி நிலை காட்டிக்கொண்டிருந்தபோது தெருநாய் ஒன்று விரட்டிவிட்டது. ஓடிவந்து எங்கள் வீட்டு நடைக்குள் ஏறிக்கொண்டார். புலி என்ன ஆச்சு என்று டீக்கடையில் கேட்டார்கள். "அது புலின்னு நாய்க்குத் தெரியணும்லாவே" என்றார்.

யார் சிரித்தாலும் அவருக்குக் கோபம் வராது. "நம்ம கோயில் கோமதியம்மா ஊசிமுனையில ஒத்தக்காலுல நின்னு தவம் பண்ணுனா. அவளை வருசாவருசம் கும்பிடுதீய. நான் நின்னா மட்டும் சிரிக்கீய" என்பார்.

நானும் ஜன்னலுக்குப் பின்னால் சிரித்திருக்கிறேன். பிறகுதான் விழுந்தேன்.

மழைக்கு முற்றத்தில் பாசி பிடித்திருந்தது, வழுக்கிவிட்டது. எலும்பு தப்பியது, தைரியம் முறிந்துபோயிற்று. சுவரைப் பிடிக்காமல் பால் வாங்கப் போக முடியவில்லை. கோயம்புத்தூரில் இருக்கிற மகள் முடிவாகச் சொல்லிவிட்டாள். ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வருவாள், திரும்பும்போது என்னையும் கூட்டிப்போவாள், வீட்டைப் பூட்டிவிடலாம். நல்லதுக்குத்தான் சொன்னாள். ஆனால் மூணாவது மாடியில், அக்கம்பக்கத்தில் பேசவும் கூசுகிற நான், அடுப்புகூட என்னுடையது இல்லாமல் என்ன செய்வேன்? வேண்டாம் என்று அவளிடம் சொல்ல வாய் வரவில்லை.

சுவரைத் தடவி நடந்த என்னை அண்ணாச்சி பார்த்துவிட்டார். நான் கூச்சப்படுவேன் என்று தெரிந்து, கரண்ட் கம்பத்தைப் பார்த்தபடியே பேசினார்.

"அக்கா, சுவரு எல்லா இடத்துக்கும் கூட வராது. காலையில உங்க வாசலுக்கு வாங்க, நிக்கச் சொல்லித்தாரேன்."

மறுநாள் போய் நின்றேன்.

முழங்காலை லேசாக மடக்கி, உடம்பு பாரத்தை இடுப்புக்குக் கீழே இறக்கி நிற்பது முதல் பாடம். அடுத்ததுதான் சிக்கல். எதிராளி கையோடு கை ஒட்டி, அவர் தள்ளுவதை உணர்ந்து, விறைத்துக்கொள்ளாமல் இளகிக் கொடுக்க வேண்டுமாம். கையோடு கையா? நான் வீட்டுக்குள் போய்விட்டேன். அண்ணாச்சி யோசித்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தன் கை மேல் போர்த்திக்கொண்டார். அதைப் பார்த்துவிட்டு நான் மறுபடி வெளியே வந்து, என் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன். துணியோடு துணி ஒட்டியது. சீனாவில் யாரும் இப்படிப் படித்திருக்க மாட்டார்கள்.

ஒரு காலையில் பனவடலிசத்திரத்து மாட்டுத் தரகர் ஒருவர் தெரு வழியே வந்தார். சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிறவர். இரண்டு பேர் துணிக்குள் கையை வைத்துக்கொண்டு பேசாமல் நிற்பதைப் பார்த்ததும், பேரத்தைக் கெடுக்கக் கூடாது என்று மரியாதையாக ஒதுங்கிக் காத்திருந்தார். வெகுநேரம் பொறுத்துவிட்டுக் கேட்டார்.

"இன்னுமா விலை படியல? மாடு எங்கன நிக்கி?"

"மாடு இல்லவே. இது சீனாக்காரன் வித்தை."

"சரி, சீனாவுல மாடு என்ன விலைக்குப் போகுது?"

அண்ணாச்சிக்கு வந்ததே சந்தோஷம். விரலைத் தொட்டே எதிராளி மனசைப் பிடிக்கிறவர் பிறவியிலேயே குங்ஃபூக்காரர் என்று சொல்லி, அவர் கையைத் துண்டுக்குள் வாங்கி, தன்னைத் தள்ளிப் பார்க்கச் சொன்னார். காளையை இழுத்துப் பழகிய கை. ஒரே தள்ளு. அண்ணாச்சி என் வாசல் கோலத்தில் ஒரு சுற்று உருண்டு, மேலெல்லாம் மாவோடு எழுந்தார். அண்ணாச்சி என் பக்கம் திரும்பி, அன்றைக்குத்தான் கம்பத்தைப் பார்க்காமல் நேராகச் சொன்னார்.

"பாத்தீங்களாக்கா? விழுந்தா இவ்வளவுதான். எந்திரிச்சிரலாம்."

வலியைவிட, நாலு பேர் கூடிப் பார்ப்பார்களே என்ற வெட்கம்தான் என்னைப் பிடித்து வைத்திருந்தது போல. கோலமாவு அப்பிய முகத்தோடு சிரிக்கிற அவரைப் பார்த்ததும் அது விட்டுப்போயிற்று. அன்று சுவரைத் தொடாமல் பால் வாங்கிவந்தேன்.

தபசுக்கு மகள் வந்தாள். என் சேலைகளைப் பையில் அடுக்கி வைத்துவிட்டு, காட்சி பார்க்கக் கையை விடாமல் கூட்டிப்போனாள். அம்மன் தவத்துக்கு இரங்கிச் சுவாமி காட்சி கொடுக்கிற நேரம் கூட்டம் அலையாய்ச் சாய்ந்தது. நான் முழங்காலை மடக்கினேன், பாரத்தை இறக்கினேன், வந்த தள்ளுக்கு இளகிக் கொடுத்தேன். மகள்தான் தடுமாறி என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அவளையும் தாங்கிக்கொண்டு நின்றேன். கூட்டம் எங்களைச் சுற்றிக்கொண்டு போயிற்று.

வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்த பிறகு, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள் மெதுவாகக் கேட்டாள்.

"எம்மா, உனக்கு அங்கன வர மனசில்லையோ?"

"இல்ல மக்கா. நான் இங்கனயே இருந்துக்கிடுதேன்."

பையிலிருந்த சேலைகளை அவளே எடுத்து பீரோவில் வைத்தாள்.

அண்ணாச்சிக்கு நன்றி சொல்ல இன்னும் எனக்கு வாய் வரவில்லை. சொதியோ புளிக்குழம்போ, எது வைத்தாலும் அவர் வீட்டுக்கு ஒரு கிண்ணம் போகிறது. நன்றாயிருந்தது என்று அவரும் சொன்னதில்லை. ஆனால் அந்தக் கிண்ணம் ஒருநாளும் வெறுமனே திரும்பி வந்ததில்லை. ஒன்றும் இல்லாத நாளில் ரெண்டு கொத்து கறிவேப்பிலையாவது கழுவி வைத்திருப்பார்.