எட்டு நாளாக ஒரு தவறும் நடக்காத சர்வர்

மாமாவுக்கு வணக்கம்.

நீங்களும் அத்தையும் நலமாக இருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். இல்லையென்றால் அம்மா இதற்குள் எனக்குச் சொல்லியிருப்பாள். நானும் நலம். சுற்றி வளைக்க எனக்கு வராது, விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமையோடு என் ஆறு மாதத் தற்காலிக வேலை முடிகிறது. அன்று முதலாளி என்னை நிரந்தரமாக்குவார், அல்லது வீட்டுக்கு அனுப்புவார். நீங்கள் அவரோடு ஒரே பெஞ்சில் படித்தவர். ஒரு போன் போதும். அம்மா போன மாதமே எதிர்வீடு வரைக்கும் "அவனுக்கு நிரந்தரமாயிடுச்சு" என்று சொல்லி முடித்துவிட்டாள். அதைப் பொய்யாக்காமல் இருப்பது இப்போது உங்கள் கையில்.

முதலாளியிடம் மேனேஜர் என்னைப்பற்றி ஏதாவது சொல்லியிருப்பார். எனவே நடந்ததை நீங்கள் என்னிடமே கேட்டுக்கொள்வது நல்லது. எங்கள் அலுவலகத்தில் புத்தகப் பக்கங்களைத் தயார் செய்கிறார்கள். ஏழு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற அச்சகத்தில் அவற்றை அடிக்கிறார்கள். இங்கிருந்து அங்கே ஃபைல்கள் போக நடுவில் ஒரு சர்வர். அதில் யார் நுழையலாம், எவ்வளவு பெரிய ஃபைல் போகலாம், எத்தனை தடவை பாஸ்வேர்டைத் தப்பாக அடிக்கலாம் என்கிற விதிகளை அமைப்பதுதான் என் வேலை. நான் வரும்போது அப்படி ஒரு விதிகூட இல்லை மாமா. அலுவலகத்தில் இருக்கிற ஏழு பேருக்கும் சேர்த்து ஒரே பாஸ்வேர்ட், அதுவும் சுவரில் ஒட்டியிருந்தது. நான் ஆளுக்கொன்று கொடுத்தேன். மறுநாள் காலையில் வந்து பார்த்தால் அதே சுவரில் ஏழு பாஸ்வேர்டும் பெயர் போட்டு, கட்டம் கட்டி, இரண்டு வண்ணத்தில் தொங்குகின்றன. யார் செய்தது என்று கேட்டேன். "நம்மகிட்ட லேமினேஷன் மிஷின் இருக்கே தம்பி" என்று மேனேஜர் பெருமையாகச் சொல்கிறார். சரி, வாரம் ஒரு தடவை பாஸ்வேர்ட் மாறவேண்டும் என்று விதி போட்டேன். வாரம் ஒரு தடவை லேமினேஷன் மாறியது.

மூன்று தடவை தப்பாக அடித்தால் ஒரு மணி நேரம் பூட்டு என்று அடுத்த விதி. அதில் முதலில் மாட்டியவர் மேனேஜரேதான், தினமும் ஒன்பது பத்துக்கு மாட்டுவார். அவர் ஒரே விரலால் அடிக்கிறவர், தப்பாகிவிட்டால் அதையே இன்னும் அழுத்தி அடிப்பார். ஐந்து நிமிடம் ஒன்றும் செய்யாமல் இருந்தால் இணைப்பைத் துண்டிக்கும்படி வைத்தேன், எந்த சர்வரிலும் இருக்கிற சாதாரண விதிதான், ஆனால் எங்கள் பிழைதிருத்துபவர் ஒரு பக்கத்தை இருபது நிமிடம் படிக்கிறவர், அவர் எழுந்து என் மேசைக்கே வந்துவிட்டார். "நான் சும்மா இல்ல தம்பி, படிச்சிக்கிட்டு இருக்கேன்" என்றார். நீங்கள் படிப்பது சர்வருக்குத் தெரியாது சார் என்றேன். "உனக்குத் தெரியுதில்ல?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அப்புறம் ஃபைல் அளவு. ஐம்பது எம்.பி.க்கு மேல் ஏற்காதே என்று வைத்தேன். வடிவமைக்கிற அக்கா என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒன்றாம் வகுப்புப் பாடநூலின் அட்டையைப் பன்னிரண்டு துண்டாக வெட்டி அனுப்பிவிட்டார். அட்டையில் ஒரு யானை. அச்சகத்தில் ஒட்டவைத்தவர்கள் நாலாவது துண்டையும் ஒன்பதாவது துண்டையும் இடம் மாற்றிவிட, மிஷின்காரர் போன் போட்டு, "யானைக்கு வாலு முன்னாடி வந்திருக்கே, தப்பா, இல்ல புதுப் பாடத்திட்டமா?" என்று கேட்டாராம். அடிக்குமுன் கேட்டாரே, அதுவரைக்கும் நல்லது. அக்கா அன்று முழுக்க என் முகத்தைப் பார்க்கவில்லை. இதிலெல்லாம் என் தப்பு எங்கே இருக்கிறது மாமா? விதி சரி. ஆட்கள்தான் விதிக்குள் அடங்க மாட்டேன் என்கிறார்கள்.

நான் ஒன்றையும் தளர்த்தவில்லை. பலன் என்ன தெரியுமா? கடந்த எட்டு நாளாகப் பிழை அறிக்கை வெறுமையாக இருக்கிறது. ஒரு பூட்டு இல்லை, ஒரு துண்டிப்பு இல்லை, ஒரு புகார் இல்லை. மேனேஜர் சிரித்த முகமாக இருக்கிறார். பக்கங்கள் எல்லாம் நேரத்துக்கு அச்சகம் போய்ச் சேருகின்றன, யானை உட்பட. ஆறு மாதத்தில் ஒரு அலுவலகத்தையே ஒழுங்குக்குக் கொண்டுவந்திருக்கிறான் என்று முதலாளியிடம் நீங்கள் தயங்காமல் சொல்லலாம். நான் சொன்னால் தற்பெருமை, நீங்கள் சொன்னால் சிபாரிசு.

அத்தைக்கு என் வணக்கம். சின்னவனை என் பழைய லேப்டாப்பில் கைவைக்க வேண்டாம் என்று சொல்லவும். வியாழனுக்குள் போன் செய்துவிடுங்கள்.

உங்கள் மருமகன்.

பி.கு.: மாமா, போன் செய்யாதீர்கள். உங்களுக்கு ஆதாரமாக அனுப்பலாம் என்று சர்வரின் முழுப் பதிவேட்டைத் திறந்தேன். இதுவரை பிழை அறிக்கையை மட்டும்தான் பார்த்துவந்தேன். எட்டு நாளில் அந்த சர்வருக்குள் நுழைந்தது ஒரே ஒரு ஆள். நான். தினமும் ஒரு சோதனை ஃபைலை அனுப்பி, அதை நானே பெற்றுக்கொண்டிருக்கிறேன். மேனேஜரிடம் ஓடினேன். "அட, அதை நீ இன்னுமா ஓட்டிக்கிட்டு இருக்கே?" என்றார். அப்படியென்றால் பக்கங்கள் எப்படிப் போகின்றன என்று கேட்டதற்கு ஜன்னலைக் காட்டினார். கீழே வேன் நிற்கிறது. அச்சகத்துக்குத் தாள்கட்டு ஏற்றிப்போகும் டிரைவர் அண்ணன் கையில் ஒரு பிஸ்கட் டின். அதில் பென் டிரைவ்கள், ஒவ்வொன்றிலும் பெயர் எழுதி, அதுவும் லேமினேட் செய்து. கீழே இறங்கிப் போனேன். என்னைப் பார்த்ததும் டின்னை நீட்டினார். "நாலு மணிக்குள்ள எல்லாரும் போட்டுடுவாங்க தம்பி. நீ மட்டும்தான் ஒரு நாள்கூட வரலை." அளவு எவ்வளவு இருக்கலாம் என்று கேட்டேன், வாய் சும்மா இருக்காமல். "மூடி மூடணும், அவ்வளவுதான்" என்றார். இத்தனை நாளில் ஒரு ஃபைல்கூடத் தொலையவில்லையாம்.

பேச்சுவாக்கில்தான் தெரிந்தது, அவரும் தற்காலிகம்தானாம். நாலு வருடமாக. ஆகவே போன் செய்யாதீர்கள் என்று சொன்னதை மாற்றிக்கொள்கிறேன். செய்யுங்கள், அவருக்காக. என் கதையை அம்மாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.