முருகனுக்கு டிமிக்கி கொடுத்தவன்

கடவுளை நம்புகிறவர்கள் ஹைதராபாத்தில் உண்டு, நம்பாதவர்களும் உண்டு. நம்பிக்கொண்டே அவருக்கு டிமிக்கி கொடுத்தவன் நாங்கள் யூ-டர்ன் என்று பட்டப்பெயர் வைத்த ஒருவன்தான்.

சனத்நகரில் நான் வேலை பார்க்கும் வால்வு கம்பெனிக்குத் திருநெல்வேலியிலிருந்து வந்து சேர்ந்த இன்ஜினீயர். திருமுல்கேரியில் என் வீட்டு மாடியில் குடியிருந்தான். அவன் காரில்தான் இருவரும் ஆபீஸ் போவோம். போவோம் என்பது சும்மா ஒரு பேச்சுக்கு. வலப்பக்கம் இண்டிகேட்டர் போட்டுவிட்டு, கடைசி நொடியில் இடப்பக்கம் ஒடிப்பான். பின்னால் வரும் ஆட்டோக்காரர் எங்கள் இரண்டு குடும்பங்களையும் உருதுவில் விசாரிப்பார்.

ஏனடா இப்படி என்று கேட்டேன்.

"நாம செய்யப்போறதெல்லாம் முருகனுக்கு முந்தியே தெரியும்லா அண்ணாச்சி? அவரு நெனச்சபடியேதான் போவேன்னா, அப்புறம் நான் எதுக்கு?"

இடப்பக்கம் ஒடிப்பதும் அவருக்குத் தெரிந்திருக்குமே என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். நடுரோட்டிலேயே வண்டியைத் திருப்பிவிட்டான். அன்று அல்வால் வரை போய்விட்டுத்தான் ஆபீஸ் போய்ச் சேர்ந்தோம்.

டிபன் கடையில் இன்னும் மோசம். தான் கேட்ட தோசை வந்ததும் அதைப் பக்கத்து மேஜைக்காரரிடம் தள்ளிவிட்டு, அவருடைய உப்புமாவை இழுத்துக்கொள்வான். முருகன் இதை எதிர்பார்த்திருக்கவே மாட்டார் என்பான். பக்கத்து மேஜைக்காரர் நிச்சயமாக எதிர்பார்க்கவில்லை.

இப்படிப்பட்டவனுக்குப் பெண் பார்க்கப் போனோம். அவன் அப்பா அம்மா ஊரிலிருந்து வருமுன், முதலில் நாங்கள் இருவர் மட்டும். தலைமுறைகளாகச் செகந்திராபாத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பம். பெண் பேங்கில் வேலை. பார்த்த மாத்திரத்தில் பையனுக்குப் பிடித்துவிட்டது. அதுதான் வம்பு. பிடித்தது முருகனுக்கும் தெரிந்திருக்குமே. முதலில் சரி என்றான். காபி வருவதற்குள் வேண்டாம் என்றான். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மறுபடி சரி என்றான். பெண்ணின் அப்பா எங்கள் செருப்பு எங்கே இருக்கிறது என்று பார்த்தார். வேறு வழியில்லாமல், பையனுக்கும் முருகனுக்கும் உள்ள தகராறை நான் எல்லோர் முன்னாலும் சொல்லித் தொலைத்தேன்.

பெண் சிரிக்கவில்லை.

"முருகனுக்குத் தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போகட்டுங்க. எனக்குத் தெரியாதே. நீங்க சொன்னாத்தான் தெரியும். ஹவ்வா, நக்கோவா?"

சரியா வேண்டாமா என்று இந்த ஊர்ப் பேச்சில் கேட்டுவிட்டாள். யூ-டர்ன் திரும்ப இடமில்லாமல் உட்கார்ந்திருந்தான். இவளை விட்டால் இவனுக்கு வேறு கதியில்லை என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. கண்ணை மூடிக்கொண்டேன். முடிவு முன்பே தெரிந்த சாமியிடம் இனி வேண்ட என்ன இருக்கிறது? ஆனாலும் வேண்டினேன்.

"ஹவ்" என்றான் மெதுவாக.

கூடப் பிறந்த தம்பிக்குக்கூட நான் அப்படி வேண்டிக்கொண்டதில்லை.