நியூத்திரினோவுக்குப் பாஸ் தேவையில்லை

உலகத்திலேயே மிக நுட்பமான துணிக்கை உணர்கருவி ஜப்பானில் ஒரு சுரங்கத்துக்குள் இருக்கிறது என்று 1998 ஆனியில் விஞ்ஞானிகள் பெருமையடித்துக்கொண்டார்கள். பாவம், அவர்கள் வவுனியாவிலிருந்து, யுத்தத் தடையால் பொருட்கள் மறிக்கப்பட்டிருந்த வன்னிக்குள் போகும் பாதையில் ஒரு தடவையேனும் வரிசையில் நின்றதில்லை. அங்கிருந்த இராணுவச் சோதனைச் சாவடியின் "மேலான பார்வை"க்குத் தப்பி ஒரு பற்றரிகூட உள்ளே போனது கிடையாது.

பௌதிக ஆசிரியர் வீரகத்தி மாஸ்டர் அந்த மகத்தான ஆய்வுகூடத்துக்குள் இரண்டு பொருட்களோடு நுழைந்தார். ஒன்று, மகள் பிரஷாந்தினிக்கு வாங்கிய மூச்சிழுக்கிற பம்ப். ஆஸ்துமா முட்டு வந்தால் பிள்ளைக்கு உதடு நீலமாகிவிடும். உள்ளே எந்தக் கடையிலும் அந்த மருந்து இல்லை. மற்றது, நியூத்திரினோவுக்குத் திணிவு உண்டென்று கண்டுபிடித்த செய்தி வந்த பத்திரிகை. மாஸ்டரிடம் ஒரு குணம். யாராவது கேள்வி கேட்டுவிட்டால் முழுப் பாடத்தையும் நடத்தி முடிக்காமல் ஓயமாட்டார். பொய்யும் வராது.

தமிழ் தெரிந்த அதிகாரி பம்பை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பத்திரிகையை விரித்தார்.

"நியூத்திரினோ யாரு?"

"ஆளில்லை சேர், துணிக்கை. சூரியனிலையிருந்து வாறது. மலை, கடல், பூமி எல்லாத்துக்குள்ளாலையும் போகும்."

"பாஸ் இருக்கா?"

"தேவையில்லை சேர். இப்பவும் உங்கடை வயித்துக்குள்ளாலை கோடிக்கணக்கிலை போகுது."

அதிகாரி எழுந்து பெல்ட்டை இறுக்கிக்கொண்டார். இரண்டு சிப்பாய்கள் மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார்கள்.

"மாஸ்டர், வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருங்கோவன்," என்றா பின்னால் நின்ற நாகேஸ்வரி ரீச்சர்.

மாஸ்டரோ அடுத்த அலகுக்குப் போய்விட்டிருந்தார். "இதிலை மூண்டு வகை சேர். ஒரு வகையா வெளிக்கிட்டு, வழியிலை இன்னொண்டா மாறிப் போய்ச் சேரும்."

"பேர் மாத்திப் போகுதா? அடையாள அட்டை?"

"அதுவும் இல்லை சேர்."

அதிகாரி நெடுநேரம் யோசித்தார். தேசப் பாதுகாப்பு அல்லவா? கடைசியில், "உள்ள இருக்கிற சனத்துக்கு இதால என்ன பிரயோசனம்? சாப்பிடலாமா? விளக்கு எரியுமா?" என்று கேட்டார்.

"ஒண்டுமில்லை சேர். எதோடையும் ஒட்டாது, ஒருத்தருக்கும் உதவாது."

"அப்ப பிரச்சினை இல்ல. போகட்டும்." பத்திரிகையை மடித்து மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். பிறகு பம்பைக் கையில் எடுத்தார். "இதால?"

மாஸ்டரின் முகம் மலர்ந்தது. "பிள்ளைக்கு மூச்சு வரும் சேர்!"

"அப்படியா? அப்ப இது இங்க நிக்கட்டும்."

மாஸ்டர் டொக்டர் மருந்தெழுதித் தந்த துண்டைக் காட்டினார், கும்பிட்டார், அழுதும் பார்த்தார். வரிசை அவரைத் தள்ளிக்கொண்டு நகர்ந்தது.

அடுத்த நாள் பின்னேரம் பிரஷாந்தினிக்கு முட்டு இழுத்தது. தாய் இராசேஸ்வரி மடியில் கிடத்தி நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தா. அந்தச் சின்ன நெஞ்சுக்குள்ளால் கோடிக்கணக்கான நியூத்திரினோக்கள் ஒரு தடையுமின்றிப் போய்க்கொண்டிருந்தன. காற்றுக்குத்தான் அனுமதி கிடைக்கவில்லை.