சவேலியை ஒளித்து வைப்பது எப்படி

"பதினோராவது வரிசையில உட்கார்ந்திருக்காரே, அந்த ஆளு விதை கொறிக்கலை," என்றார் ரோடியோன்.

துணைப் பயிற்சியாளர் லுக்யான் திரும்பிப் பார்த்தார். உண்மைதான். அரங்கிலிருந்த நானூறு பேரும் சூரியகாந்தி விதையைக் கொறித்துத் தோலைக் காலடியில் துப்பிக்கொண்டிருக்க, அந்த நரைமீசைக்காரர் மட்டும் மடியில் நோட்டை விரித்து எதையோ எழுதிக்கொண்டிருந்தார். நடுவரை ஒரு வார்த்தை திட்டவும் இல்லை.

"கடல் தாண்டி வந்த ஆளுதான், சந்தேகமே இல்ல. நம்ம சவேலியைக் கொத்திட்டுப் போக வந்திருக்கார்," என்றார் லுக்யான்.

ரோடியோன் சட்டென்று பனித்தரையில் சவேலியைத் தேடினார். ரஷ்யாவின் உரால் மலைப் பக்கத்து இரும்பாலை நகரமான எங்கள் ஊரின் ஜூனியர் ஐஸ் ஹாக்கி அணிக்கு அவர் இருபது வருடமாகப் பயிற்சியாளர். ஏற்கெனவே மூன்று பையன்களைப் பதினெட்டு வயதிலேயே அமெரிக்காக்காரர்கள் அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். மூவரும் அங்கே ஏதோ ஒரு சின்ன ஊர் அணியில், பேச்சுத் துணைக்குக்கூட ஆளில்லாமல் பெஞ்சைத் தேய்த்துவிட்டு, இரண்டே வருடத்தில் ஆட்டத்தையே தலைமுழுகிவிட்டுத் திரும்பினார்கள். அதில் ஒருவன் இப்போது டாக்சி ஓட்டுகிறான். ரோடியோனைக் கண்டால் அடுத்த தெருவில் வண்டியைத் திருப்பிவிடுகிறான்.

சவேலியை ஆறு வயதில் குடியிருப்பு முற்றத்துப் பனித்தரையில் கண்டுபிடித்தவர் ரோடியோன். இந்தப் பையனையும் தொலைக்க அவருக்குத் தெம்பில்லை.

"சவேலி, இங்க வந்து உட்காரு!"

"கோச், இப்பதானே ஆட்டமே ஆரம்பிச்சுது?"

"உனக்குக் கால் வலிக்குது."

"எனக்கு வலிக்கலையே கோச்."

"உனக்கென்னடா தெரியும்? வலிக்குது. உட்காரு."

சவேலி உட்கார்ந்தான். பதினைந்து நிமிடத்துக்குள் எதிரணி இரண்டு கோல் போட்டது. எங்கள் ஊர்க்காரர்கள் சும்மா இருப்பார்களா? ஒருவன் மேளத்தைத் தட்ட, மொத்த அரங்கமும் "சவேலி! சவேலி! எங்கள் சவேலியை இறக்கு!" என்று கத்த ஆரம்பித்தது. நரைமீசைக்காரர் காதில் கை வைத்துக் கேட்டார். பிறகு எழுதினார்.

"பேரு தெரியாம இருந்திருந்தாலும் இப்ப தெரிஞ்சிருக்கும்," என்றார் லுக்யான். "நானூறு பேரு சேர்ந்து சொல்லிக் கொடுத்துட்டாங்க."

"வாயை மூடு. அவனைக் கடைசி குரூப்ல இறக்கு. அந்த க்ளேபும் ஆர்ஸெனியும் இருக்காங்கல்ல, அவங்களோட."

க்ளேபும் ஆர்ஸெனியும் நல்ல பையன்கள். ஆனால் பனியில் இறங்கினால் ஒருவரை ஒருவர் தடுக்கி விழுவதுதான் அவர்கள் வழக்கம். அவர்கள் நடுவில் ஆடினால் எப்பேர்ப்பட்டவனும் சாதாரணமாகத் தெரிவான் என்பது ரோடியோனின் கணக்கு.

சவேலி மூன்று பேரைத் தாண்டி, 'பக்' என்கிற ரப்பர் வட்டை நேராக க்ளேபின் மட்டையில் கொண்டுபோய் வைத்தான். க்ளேப் பயத்தில் கண்ணை மூடிக்கொண்டு அடித்தான். அது கோலாகிவிட்டது. அந்த சீசனிலேயே அவன் போட்ட முதல் கோல். அவன் அழுதுவிட்டான்.

நரைமீசைக்காரர் எழுந்தே நின்றுவிட்டார்.

"இப்ப கல்லையும் ஆட வைக்கிறவன்னு எழுதியிருப்பார்," என்றார் லுக்யான்.

"அவனைத் தற்காப்புக்கு அனுப்பு! பின்னாடியே நிக்கட்டும்! கோல் பக்கமே போகக் கூடாது!"

"முன்வரிசை ஆட்டக்காரனையா தற்காப்புக்கு? ரோடியோன், உனக்கு ஜுரம் கிரம் இருக்கா?"

சவேலிக்கும் ஒன்றும் புரியவில்லை. ஆனால் கோச் சொன்னால் சொன்னதுதான் அவனுக்கு. பின்னாலேயே நின்றான், வந்த ஆட்களையெல்லாம் மடக்கினான். கடைசிக் கட்டத்தில் வட்டைப் பிடுங்கிக்கொண்டு, நம் பக்கத்திலிருந்தே ஒரு அடி அடித்தான். எதிரணிக் கோல்கீப்பர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். இரண்டுக்கு இரண்டு. முடிய ஒரு நிமிடம் இருக்கையில் இன்னொன்றும் போட்டு ஆட்டத்தையே ஜெயித்துக் கொடுத்தான்.

ஊரே துள்ளிக் குதித்தபோது ரோடியோன் மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். இனி ஒரே வழிதான். நேரே பதினோராவது வரிசைக்கு ஏறினார்.

"வணக்கம். நம்ம பையனைப் பார்க்கத்தானே வந்தீங்க?"

"நீங்க பயிற்சியாளர் ரோடியோன் யெவ்சேயிச் தானே?" நரைமீசைக்காரர் சுத்தமான ரஷ்ய மொழியில் கேட்டார். "சொல்லுங்க, அந்தப் பையன் எப்படி?"

"சோம்பேறி. காலையில நாலு தடவை எழுப்பணும்."

விடியும் முன்பே அரங்கத்தின் பூட்டிய கதவருகே வந்து நிற்பவன் சவேலி. ரோடியோன் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"முட்டி ரெண்டும் போச்சு. கோபக்காரன் வேற. இன்னிக்கு ஆடினதெல்லாம் குருட்டு அதிர்ஷ்டம்."

"மனுஷன் எப்படி?"

ரோடியோன் முகத்தைப் பனித்தரைப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நன்றி கெட்டவன். வளர்த்துவிட்டவனையே திரும்பிப் பார்க்க மாட்டான்."

நரைமீசைக்காரரின் பேனா நின்றது. "நிச்சயமாத்தான் சொல்றீங்களா?"

"பன்னிரண்டு வருஷமாப் பார்க்கறேன். எனக்குத் தெரியாதா?"

அவர் ரோடியோனை ஒரு மாதிரி பார்த்தார். நோட்டை மூடினார். "அப்ப நான் வந்தது வீண்," என்று தொப்பியை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று இறங்கிப் போய்விட்டார்.

ரோடியோனுக்கு அந்தப் பையனைக் கன்னத்தில் அறைந்துவிட்ட மாதிரி மனசு வலித்தது. ஆனால் அவன் தப்பித்தான். பெரியவனானதும் புரிந்துகொள்வான். ஜூனியர் அணியில் இன்னும் இரண்டு வருடம் கண்ணெதிரே இருப்பான். அதை நினைத்ததும் உடம்பே லேசாகிப் பசி எடுத்தது. சிற்றுண்டிக் கடைக்குப் போய் டீயும் முட்டைக்கோஸ் அடைத்த ரொட்டி ஒன்றும் கேட்டார்.

கடைக்கார ஸீனா டீயைக் கொடுத்துவிட்டு ஆசையாக முன்னால் குனிந்தாள்.

"என்ன ரோடியோன், எப்ப கிளம்பறீங்க?"

"நான் எங்க கிளம்பறேன்?"

"ஐயோ, அந்த மீசைக்காரர் ஒண்ணும் சொல்லலையா? ஆட்டத்துக்கு முன்னாடி இங்கதான் டீ குடிச்சார். ஆட்டம் முடியிற வரைக்கும் உங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னுட்டார். சவேலிகிட்டயும் அதே கண்டிஷனாம்."

"ஸீனா, என்ன சொன்னார்?"

"சவேலியை அந்த அமெரிக்க டீம்காரங்க போன மாசமே பேசி முடிச்சாச்சாம், 'எங்க கோச்சுக்கும் அங்க வேலை கொடுத்தாத்தான் கையெழுத்துப் போடுவேன்'னு அவன் ஒத்தைக் கால்ல நிக்கிறானாம், அதனால உங்களைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வந்தாராம்."